சதுர அடிக்கு எத்தனை ரூபாய்? மாடித் தோட்டத்தைச் சிறுதொழிலாக்க ஒரு முழு வழிகாட்டி

மாடித் தோட்டத்தில் காசு பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தக்காளியில்தான் கை வைக்கிறார்கள். நானும் அப்படித்தான். குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் முப்பது வளர்ப்புப் பையில் மண் நிரப்பித் தக்காளி போட்டேன். காய்ப்பில் குறையில்லை. ஆனால் பழுக்க ஆரம்பித்த வாரம் பார்த்து, மூன்று கிலோ ஐம்பது ரூபாய் என்று ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஒரு தள்ளுவண்டி தெருவுக்குள் வந்துவிட்டது. நான் கிலோ அறுபது என்று சொல்லி வைத்திருந்தேன். எதிர்வீட்டு அக்கா ஒரு பழத்தைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான்மா இருக்கு. ஆனா ரசத்துக்கு எதுக்கு அறுபது ரூபா தக்காளி?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கோயம்பேட்டுக்கு லாரி லாரியாக வந்து இறங்கும் காயோடு மாடி போட்டி போட முடியாது. லாரியில் வந்தால் வாடிப்போகிற பொருளிலும், லாரியில் வரவே வராத பொருளிலும்தான் மாடிக்கு லாபம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. கீழே சொல்லும் எல்லாமே சென்னை வெயிலையும் சென்னைத் தண்ணீரையும் வைத்துச் சொல்வது. மற்ற ஊர்க்காரர்கள் பட்டத்தையும் (விதைக்கும் பருவம்) நிழலையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும்.

முதல் படி: மாடி தாங்குமா?

பை வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். ஆட்கள் ஏறி நடமாடும் கான்கிரீட் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ கூடுதல் பாரம் என்றுதான் இந்திய தர நிர்ணயப்படி கணக்கிடுகிறார்கள். படிக்கட்டே இல்லாமல் ஏணி வைத்து ஏறும் கூரை என்றால் அதில் பாதிதான்.

இப்போது ஒரு பையின் எடையைப் பார்ப்போம். வெறும் மண் நிரப்பினால் பை பயங்கரமாகக் கனக்கும். தேங்காய் நார்க்கழிவு பாதி கலந்த கலவை, நன்றாக நனைந்த நிலையில், லிட்டருக்கு 900 கிராம் அளவில் வரும். அப்படியென்றால் 12க்கு 12 அங்குலப் பை கிட்டத்தட்ட 18 கிலோ. 15க்கு 15 பை 35 கிலோவைத் தொடும். இந்தப் பைகளை இடைவெளியே விடாமல் நெருக்கி அடுக்கினால் சதுர மீட்டருக்கு 200, 250 கிலோ என்று போய்விடும். எனவே பெரிய பைகளைப் பீம் ஓடும் இடத்திலும், கீழே சுவர் இருக்கும் கோட்டிலும் வரிசையாக வையுங்கள். அறையின் நடுப்பகுதிக்கு மேலே ஆழம் குறைந்த கீரைப் படுக்கைகள் போதும். 6 அங்குல ஆழத்துக்கு நிரப்பிய 2க்கு 4 அடி படுக்கை 100 கிலோ வரும், ஆனால் அந்தப் பாரம் 8 சதுர அடிக்குப் பரவிவிடுகிறது. சன்ஷேடு மேலும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி ஓரத்திலும் எதையும் வைக்க வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் ஒரு பையை நிரப்பி, தண்ணீர் ஊற்றி, வடிந்ததும் வீட்டு எடை மெஷினில் ஏற்றிப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்துத்தான் செம்மண்ணைக் குறைத்தேன்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு உங்களுடையது என்றால், அதாவது தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை என்றால், இந்தத் தொழிலை வேறு மாடியில் செய்யுங்கள். இருபது முப்பது வருடத்துக்கு மேலான கான்கிரீட் கட்டடம் என்றாலும், கம்பி துருத்தித் தெரிந்தாலும், ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவது நல்லது.

அடுத்தது ஒழுகல். மழைக்காலத்தில் மேல்மாடி அறைக்குள் நின்று மேற்கூரையை அண்ணாந்து பாருங்கள். மஞ்சளாகத் தேநீர்க்கறை போல வட்டம் தெரிகிறதா? பெயிண்ட் உப்பியிருக்கிறதா? அங்கே ஏற்கெனவே நீர் இறங்குகிறது. முதலில் மாடித் தரையில் பதித்த தட்டோட்டு இணைப்புகளைப் பூசி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்துவிட்டு அப்புறம் பையை ஏற்றுங்கள். பை நேரடியாகத் தரையில் உட்காரக் கூடாது. இரண்டு செங்கல் மேல் வைத்தால் போதும். அடியில் காற்று ஓடும், தண்ணீர் வடியும், வேர் தட்டோட்டுச் சந்துக்குள் நுழையாது, நீங்களும் துடைப்பம் விட்டுப் பெருக்கலாம். வடிகுழாய் வாயில் ஒரு வலை. இலை அடைத்து மாடியில் குளம் கட்டினால், அந்தத் தண்ணீரின் எடை மட்டும் ஒரு அங்குலத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 கிலோ.

வெயிலையும் ஒரு நாள் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். காய்கறிக்கு ஆறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும், கீரைக்கு நான்கு மணி நேரம் போதும். பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சி வெயில் கொஞ்சம் வடக்கிலிருந்து விழும். மார்கழியிலோ சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். தெற்குப் பக்கம் அடுக்குமாடி இருந்தால், ஆடியில் வெயில் காய்ந்த மாடி மார்கழியில் பகலெல்லாம் நிழலாகக் கிடக்கும். வீடு பார்க்கிற மாதிரி இரண்டு பருவத்திலும் பார்க்க வேண்டும்.

வாடகை வீடா? வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. சங்கத்தின் தீர்மானம் இல்லாமல் பை ஏற்றாதீர்கள். துணி காயப்போடும் கொடி ஒன்றை நகர்த்தினாலே சண்டை வரும் இடம் அது.

இரண்டாம் படி: தண்ணீர்

400 சதுர அடி சாகுபடிக்குக் கோடையில் தினம் 250 லிட்டர் வரை குடிக்கும். 2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தது யாருக்கும் மறந்திருக்காது. அந்த மாதிரி ஒரு கோடையில் குடிக்கிற தண்ணீரைக் கத்தரிக்கு ஊற்ற மனம் வராது. ஆகவே சித்திரை, வைகாசியில் சாகுபடியைப் பாதியாகக் குறைப்பதை வருடத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும், பை விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும். கடலோரப் பகுதிகளில் இது சகஜம். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். ஆயிரத்துக்கு மேல் காட்டினால் மழைநீரோ குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரோ கலந்து ஊற்ற வேண்டும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்குப் பிடித்து ஊற்றுகிறவர்கள் உண்டு. வேண்டாம், உப்பெல்லாம் திரண்டு வருவது அதில்தான். அதற்கு நேர்மாறாக, ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பே கிடையாது. நான் ஒரு வாளியில் பிடித்து நாற்றுக்கு மட்டும் தெளிக்கிறேன்.

பை ஐம்பதைத் தாண்டினால் சொட்டுநீர் போட்டுவிடுங்கள். 16 மில்லிமீட்டர் குழாய், அதிலிருந்து ஒவ்வொரு பைக்கும் மெல்லிய குழாய், ஒரு வடிகட்டி, ஒரு டைமர், அவ்வளவுதான் வேண்டும். கீரைப் படுக்கைக்கு மட்டும் பூவாளிதான் சரி.

மூன்றாம் படி: எதைப் பயிரிடுவது? பேனாவை எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள். விவசாயி ஏக்கருக்குக் கணக்குப் பார்க்கிறார். நமக்கு இருப்பது சதுர அடி. எந்தப் பயிராக இருந்தாலும் மாதத்துக்குச் சதுர அடி எத்தனை ரூபாய் தருகிறது என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். நான் எங்கள் தெரு விலையில் போட்ட கணக்கு இது. உங்கள் விலையை வைத்து மாற்றிப் போடுங்கள்.

தக்காளி: ஒரு பை, நடக்கிற வழியையும் சேர்த்தால், 2 சதுர அடி பிடிக்கும். நான்கு மாதத்தில் இரண்டரை கிலோ காய்த்தால் நல்ல செடி. கிலோ 40 என்றால் 100 ரூபாய். சதுர அடிக்கு மாதம் 12 ரூபாய் சொச்சம். அதுவும் விலை நாற்பதில் நின்றால்தான்.

அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை: 8 சதுர அடி படுக்கையில் 25 நாளில் நான்கைந்து கட்டு. கட்டு 25 ரூபாய் என்று வைத்தால் சதுர அடிக்கு 14 ரூபாய். தக்காளியைவிடப் பெரிய வித்தியாசம் இல்லையே என்பீர்கள். வித்தியாசம் விலையில் இல்லை, நிச்சயத்தில் இருக்கிறது. கீரை விலை ஏறி இறங்கி ஆட்டம் காட்டாது. 25 நாளில் காசாகிவிடும், பூச்சி வந்து அழிந்தாலும் ஒரு மாதம்தான் நஷ்டம். முக்கியமாக, காலை ஆறு மணிக்குப் பிடுங்கி ஏழு மணிக்கு வாசலில் வருகிற கீரையை எந்த லாரியாலும் கொடுக்க முடியாது. மார்க்கெட் கீரை எந்தக் கால்வாய்த் தண்ணீரில் வளர்ந்ததோ என்ற பயம் சென்னையில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ரசத் தக்காளிக்கு அறுபது கொடுக்காத அதே அக்கா கீரைக்குப் பேரம் பேசுவதே இல்லை.

நாற்று: எனக்கே ஆச்சரியமாக இருந்தது இந்தக் கணக்குதான். 98 குழி உள்ள ஒரு குழித்தட்டு ஒன்றரை சதுர அடிதான் இருக்கும். 80 நாற்று தேறி, ஒன்று 5 ரூபாய்க்குப் போனால் 400 ரூபாய். சதுர அடிக்கு 260 ரூபாய்க்கு மேல்! கத்தரி, தக்காளி நாற்று 25 முதல் 30 நாளில் தயார், மிளகாய்க்கு இன்னும் பத்து நாள். ஆனால் மாடி முழுக்க நாற்றாகப் போட்டுவிடாதீர்கள். வாங்க ஆள் வேண்டும். ஆடி, புரட்டாசி, தை என்று ஆள் வருகிற மாதங்கள் உண்டு. சித்திரையில் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மாதம் பத்துத் தட்டு, அதுவும் பட்டத்துக்கு முன்னால், என்று நிறுத்திக்கொண்டால் விற்றுவிடும்.

கீரையும் நாற்றும்தான் என் மாடியின் முதுகெலும்பு. அடுத்து லாரியில் வராத பொருள்கள்: பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, கொடிப்பசலை, வல்லாரை, தூதுவளை, கற்பூரவல்லி, புதினா. ஐப்பசி மழையில் வீட்டுக்கு வீடு இருமத் தொடங்கியதும் தூதுவளைக்கும் கற்பூரவல்லிக்கும் வரும் போன் அழைப்புகள் தனி. ஏகாதசி விரதம் இருப்பவர்கள் துவாதசிக்கு அகத்தி கேட்பார்கள். தேதியைக் காலண்டரில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். ஒரு பழைய டிரம்மில் அகத்திச் செடி இரண்டு வைத்தால் போதும், அடிக்கடி நுனியைக் கிள்ளிக் குட்டையாக வளர்க்க வேண்டும்.

கத்தரி, வெண்டை, மிளகாய், அவரைக் கொடி இவற்றை மொத்தமாக விட்டுவிடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் பையில் வெறும் கீரையைப் பார்த்தால் வாடிக்கையாளர் சலித்துப்போவார். மாடியில் மூன்றில் ஒரு பங்கை இவற்றுக்குக் கொடுங்கள். வெண்டை 45 நாளில் காய் கொடுத்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கவில்லையென்றால் முற்றிவிடும், அது ஒன்றுதான் தொல்லை.

நான்காம் படி: கலவை

தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. அவ்வளவுதான். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி தண்ணீரில் ஊறினால் 70 லிட்டர் வரை உப்பும்.

உப்பும் என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் தடவை கட்டியை ஊறவைத்து அப்படியே கலந்துவிட்டேன். முளைத்த கீரை பத்தாம் நாள் நுனி கருகி நின்றது. பூச்சியோ என்று வேப்ப எண்ணெய் அடித்தேன், இன்னும் கருகியது. காரணம் நார்க்கழிவில் இருக்கும் உப்பு. ஊறவைத்து, பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பழுப்பு நிறம் வெளிறும்வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அலசிய கட்டி என்று எழுதி விற்பதைக்கூட நான் ஒரு முறை அலசாமல் போடுவதில்லை. மண்புழு உரத்தையும் மொத்தமாக வாங்கும் முன் ஒரு கிலோ வாங்கி, ஈரமாக்கிக் கொஞ்சம் வெந்தயம் விதைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் பச்சையாக எழுந்தால் வாங்கலாம். நாற்றமடித்தாலோ கையில் சூடு தெரிந்தாலோ அது மக்கவில்லை என்று அர்த்தம்.

20 கீரைப் படுக்கை, 60 பை கொண்ட 400 சதுர அடித் தோட்டத்துக்கு 3,400 லிட்டர் கலவை வேண்டும். நனைந்தால் மொத்தம் 3 டன். அதை இரண்டு மாடி படியேற்றுவது யார் என்பதையும் யோசித்துவிடுங்கள்! முதல் மூன்று மாதம் கால்வாசியில் ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித் தோட்டத் தொகுப்பு கிடைத்தால் அதில் தொடங்கிக் கை பழக்கிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: வாரம் ஐந்து படுக்கை

தொழிலுக்கும் பொழுதுபோக்குக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். 20 படுக்கையையும் ஒரே நாளில் விதைத்தால், ஒரே வாரத்தில் நூறு கட்டு கீரை வந்து நிற்கும். அடுத்த மூன்று வாரம் வாடிக்கையாளரிடம் சாக்குச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 5 படுக்கை மட்டும் விதையுங்கள். நான்காவது வாரம் முடியும்போது முதல் ஐந்து அறுவடை. மூன்று நாள் படுக்கையைக் கிளறி, உரம் சேர்த்து, ஆறவிட்டு மறுபடி விதைப்பு. வாரம் 20 முதல் 25 கட்டு, கோடையும் அடைமழையும் போக மற்ற மாதமெல்லாம்.

கீரை விதை கடுகைவிடச் சிறியது. அரைத் தேக்கரண்டி விதையைப் பத்து மடங்கு மணலோடு கலந்து, குழம்புக்கு உப்புத் தூவுகிற மாதிரி விரல் நுனியால் உயரத்திலிருந்து தூவுங்கள். மேலே மெல்லிய ஒரு அடுக்கு உரத்தைச் சலித்துப் போட்டு, உள்ளங்கையால் தட்டிவிடுங்கள். இந்த நேரத்துக்காகவே எறும்பு காத்திருக்கும். படுக்கையைச் சுற்றி ஒரு பிடி ரவையைத் தூவினால் அதைத் தூக்கிக்கொண்டு போகும், மூன்றாம் நாள் விதை முளைத்துவிடும். பூவாளியில் பூப்போலத் தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டால் விதையெல்லாம் ஒரு மூலையில் போய் ஒதுங்கி, அங்கே மட்டும் தாடி முளைத்த மாதிரி வளரும்.

விதையை வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். ரோஸ், பச்சை என்று சாயம் ஏறிய விதை பூஞ்சாணக்கொல்லி பூசியது. இயற்கை முறை என்று சொல்லி விற்க நினைக்கிறவர் அதை வாங்கக் கூடாது. நாட்டு விதை வாங்கி, ஒவ்வொரு ரகத்திலும் நல்ல செடி இரண்டை விதைக்கு விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: தீனியும் பூச்சியும்

செடிக்கு ஊட்டமாக ஊற்றும் ஜீவாமிர்தக் கரைசலை 200 லிட்டர் டிரம்மில் போட மாடிக்காரருக்கு அவசியமில்லை. 20 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ நாட்டுமாட்டுச் சாணம், ஒரு லிட்டர் கோமியம், 200 கிராம் வெல்லம், 200 கிராம் கடலை மாவு, ஒரு பிடி உயிருள்ள மண். நிழலில் வைத்துக் காலை மாலை கலக்கினால் மூன்றாம் நாள் ஊற்றலாம். பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வேரில் ஊற்றுங்கள். பஞ்சகவ்யா என்றால் லிட்டருக்கு 30 மில்லி. ஒரு எச்சரிக்கை: பச்சையாகத் தின்கிற புதினா, மல்லி போன்றவற்றின் இலை மேல் சாணக் கரைசல் எதுவும் படக் கூடாது. கீரைக்கும் கடைசிப் பத்து நாள் வெறும் தண்ணீர்தான். வாடிக்கையாளர் வீட்டில் குழந்தைக்கு வயிற்றுவலி வந்தால், காரணம் நம் கீரையோ இல்லையோ, தொழில் அன்றோடு முடிந்தது.

மாடியில் மூன்று எதிரிகள்: அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி. முதல் இரண்டுக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கூடவே கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலை வெயில் இறங்கியபின். மஞ்சள் ஒட்டும் அட்டை நான்கு கட்டிவிட்டால் வெள்ளை ஈ பாதி குறையும். மாவுப்பூச்சிக்கு எறும்புதான் வாகனம். எறும்பை அடக்காமல் அதை ஒழிக்கவே முடியாது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிட்டு, பை நிற்கும் செங்கல்லைச் சுற்றி மஞ்சள் தூள் கோடு போடுவேன். செம்பருத்தியைத் தோட்டத்துக்குள் வைக்காதீர்கள், அது மாவுப்பூச்சியின் மாமியார் வீடு. 2008 வாக்கில் தமிழ்நாட்டுக்குள் வந்து பப்பாளி, மல்பெரியை எல்லாம் நாசமாக்கிய மாவுப்பூச்சியை மருந்தடித்து ஒழிக்க முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. மாடியிலும் பொறிவண்டு தென்பட்டால் ஒரு வாரம் மருந்து அடிக்காமல் பொறுத்திருங்கள். அசுவினியை அது பார்த்துக்கொள்ளும்.

அணில், புறாவுக்கு வலை. குரங்கு வரும் பகுதி என்றால் எனக்குத் தெரிந்து ஒரே வழி கீரையோடு நிறுத்திக்கொள்வது.

கத்திரி வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை வேண்டும். ஆனால் அதைக் கழற்றுகிற மாதிரிக் கட்டுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது நகரம் முழுக்க மரங்களே வேரோடு சாய்ந்தன. நிழல்வலை எம்மாத்திரம். ஐப்பசி பிறந்ததும் வலையைச் சுருட்டி வைத்துவிட வேண்டும். புயல் என்று அறிவித்தால் உயரமான செடிகளின் பைகளை மாடியின் உள்பக்கச் சுவரோடு சாய்த்துப் படுக்கவைத்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர் மேல் ஒரு தொட்டிகூட இருக்கக் கூடாது. கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

ஏழாம் படி: விற்பது

கடை வேண்டாம், ஆப் வேண்டாம். வாரம் 25 கட்டு கீரைக்குப் பன்னிரண்டு வீடு போதும், அந்தப் பன்னிரண்டும் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் போட்டு நான்கு கட்டு கொண்டுபோய்க் கொடுத்தால் கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

முதல் மாதம் விற்காதீர்கள். தெருவில் பத்து வீட்டுக்கு ஆளுக்கொரு கட்டு சும்மா கொடுங்கள். மாடிக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். சர்டிபிகேட்டைவிட அந்தப் படிக்கட்டுதான் பெரிய விளம்பரம். அப்புறம் வாட்ஸ்அப்பில் குழு. என் குழுவின் விதி ரொம்ப எளிது: முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு நாளை என்ன இருக்கிறது என்று படத்தோடு போடுவேன், இரவு எட்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும், சொன்னதை மட்டும்தான் பறிப்பேன். விடியற்காலை ஐந்தரைக்குப் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணை உதறி, ஈரத்துணியில் சுற்றி, வாழைநாரில் கட்டினால் மதியம்வரை தலை நிமிர்ந்து நிற்கும். அலசித் தராதீர்கள், சீக்கிரம் அழுகும். பிளாஸ்டிக் பை 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. பழைய செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும். வீட்டுக்கு இரண்டு மஞ்சப்பை கொடுத்து, ஒன்று போக ஒன்று வர என்று சுழற்றுகிறேன்.

காசு மாதம் முன்பணமாக. வாரம் இரண்டு கட்டு, கூடவே ஒரு மூலிகை, கிடைத்த காய் கால் கிலோ என்று மாதத்துக்கு ஒரு தொகை பேசிவிடுங்கள். எதிர்த்த வீடுதானே, அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், கேட்கவும் முடியாது விடவும் முடியாது. மழையில் கீரை அழுகிய வாரம் அதைச் சொல்லிவிட்டுத் தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள். வெளியே வாங்கி நிரப்பாதீர்கள். ஒரு முறை அகப்பட்டால் பன்னிரண்டு வீடும் போய்விடும்.

எட்டாம் படி: 'ஆர்கானிக்' என்று சொல்லலாமா?

விளைந்த காயையும் கீரையையும் அப்படியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமம் தேவையில்லை. பறித்தபடி விற்கும் காய்க்கு ஜிஎஸ்டியும் கிடையாது. ஆனால் நறுக்கி டப்பாவில் போட்டால், பொடி, ஊறுகாய் என்று போனால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு வேண்டும். சிறிய அளவில் விற்பவருக்குக் கட்டணம் சொற்பம்தான்.

'ஆர்கானிக்' என்ற சொல்லுக்கு 2017இல் வந்த விதிமுறை இருக்கிறது. முறைப்படி சான்று வாங்க இரண்டு வழிகள்: ஒன்று வெளி நிறுவனம் வந்து சோதித்துச் சான்றளிக்கும் என்பிஓபி, இன்னொன்று பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் சோதித்துச் சான்றளிக்கும் பிஜிஎஸ் இந்தியா. ஆண்டுக்கு 12 லட்சத்துக்குள் விற்கும் சிறு உற்பத்தியாளர் நேரடியாகச் சாப்பிடுகிறவருக்கே விற்றால் சான்று கட்டாயமில்லை. ஆனால் சான்று பெற்ற ஆர்கானிக் பொருளுக்கான ஜைவிக் பாரத் முத்திரையைப் போடக் கூடாது. கடைக்குக் கொடுக்க நினைத்தால் கதை வேறு. நான் 'மருந்தடிக்காத கீரை' என்றுதான் சொல்கிறேன். யாருக்கும் புரியும், எந்த முத்திரையும் வேண்டாம்.

ஒன்பதாம் படி: மாதக் கணக்கு

மேலே சொன்ன 400 சதுர அடித் தோட்டத்துக்கு, வளர்ந்து நிலைத்தபின், ஒரு நல்ல மாதத்தில்: கீரை 90 கட்டு, 2,250 ரூபாய். 60 பையில் மாதம் 37 கிலோ காய், கிலோ 50 என்றால் 1,850. மூலிகை ஆயிரத்துச் சொச்சம். நாற்று பட்டம் உள்ள மாதத்தில் 4,000. கூட்டினால் ஒன்பதாயிரத்தைத் தாண்டும். உரம், விதை, தண்ணீர், நார், பை தேய்மானம் என்று இரண்டரை முதல் மூவாயிரம் போகும். கையில் நிற்பது ஆறு, ஆறரை. நாற்று போகாத மாதம் இரண்டாயிரம் சொச்சம்தான். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உழைப்பு தனி. மாடியில் மாதம் ஐம்பதாயிரம் என்று யாராவது வீடியோ போட்டால், அவர் வகுப்பு எடுத்துச் சம்பாதிக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். அதிலும் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேருக்குக் கலவை கலக்கக் கற்றுக்கொடுப்பதும், அடுத்த தெரு மாடியில் தோட்டம் அமைத்துக் கொடுப்பதும் பின்னால் நல்ல வருமானம். ஆனால் ஒரு கோடையும் ஒரு மழையும் உங்கள் மாடி தாண்டியபின் செய்யுங்கள்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: படுக்கை எண், விதைத்த தேதி, பிடுங்கிய தேதி, எத்தனை கட்டு, எத்தனை ரூபாய். ஆறு மாதம் கழித்து எந்தப் படுக்கை சோம்பேறி என்று நோட்டே காட்டிக்கொடுக்கும்.

எப்போது ஆரம்பிப்பது? ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும். ஆனியில் கலவையை நிரப்பி இரண்டு வாரம் ஆறவிட்டு, ஆடியில் வெண்டை, கத்தரி, அவரை. கீரை ஆவணியிலிருந்து முழு வேகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரை அழுகும், அப்போது கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, தூதுவளை காப்பாற்றும். மார்கழி, தை, மாசி பொற்காலம். பங்குனியில் வலையை ஏற்றிவிடுங்கள்.

இன்னொன்று. வைகாசி கடைசியில் பத்துப் பெரிய பையில் விரலி மஞ்சளை நட்டு ஓரமாகத் தள்ளி வைத்துவிடுங்கள். அதிகம் வெயில் கேட்காது, பூச்சித் தொல்லை குறைவு, ஏழு மாதம் அதன் பாட்டுக்கு இருக்கும். போகிக்கு முதல் நாள் பையைக் கவிழ்த்து, மண்ணை உதறி, இலையும் கிழங்குமாக முழுசாகக் கட்டி வையுங்கள். பொங்கப்பானையில் கட்ட மஞ்சள் கொத்து தேடி அன்றைக்கு ஊரே அலையும். எங்கள் தெருவில் யாரும் மார்க்கெட்டுக்குப் போவதில்லை. போன வருடம் பதினெட்டுக் கொத்து, காலை எட்டரைக்குள் தீர்ந்துபோனது. எதிர்வீட்டு அக்கா அதற்கும் விலை கேட்கவில்லை.